சங்கப் பாடல்களில் பனிக்கால முயல்வேட்டை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுவதற்குப் பெரிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் முறை என்று பலரும் எண்ணக்கூடும். வீரமும் கொடையும், காப்பியமும் பக்தியும் இம்மேடையில் பலமுறை பேசப்பட்டவை. நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. பனிக்காலத்தில் முயல் வேட்டையாடிய வன்புலத்து மக்களைச் சங்கப் புலவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதே அது. இப்பாடல்களை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆகவே அடிகளை ஓதிப் பொருள் கூறும் வகுப்பறை முறையை விடுத்து, காட்சிகளை மட்டும் நினைவூட்டிச் செல்கிறேன்.

முதலில் முயலைப் பற்றி ஒரு சொல். இன்று நம் குழந்தைகள் முயல் என்றதும் படம் வரைவது, வெள்ளை உடலும் சிவந்த கண்ணும் கொண்ட வளர்ப்பு முயலைத்தான். அது ஐரோப்பாவின் குழிமுயல் இனத்திலிருந்து வந்தது. வளை தோண்டி வாழ்வது. அதன் குட்டி மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். நம் காட்டுமுயல் வேறு இனம். மண்ணோடு மண்ணாகத் தோன்றும் பழுப்பு நிறமும் பிடரியில் கருமையும் உடையது. வளை தோண்டுவதில்லை. புல்லிலோ புதரிலோ உடலின் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் செய்துகொண்டு பகலெல்லாம் அதிலே ஒடுங்கிக் கிடக்கும். மாலையிலும் இரவிலும் மேயும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. இரண்டையும் தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். இவ்வேறுபாட்டை மறந்தால், சங்கப் புலவர் ஏன் முயலைப் புதரிலும் கொடிப்பின்னலிலும் வைக்கோற் போரிலும் காண்கிறார், ஏன் ஒருபோதும் வளையில் காண்பதில்லை என்பது நமக்கு விளங்காது போகும்.

பருவம்

வேட்டைக்குப் பருவம் உண்டா? தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிமையாக்குகிறது. முயல் பெரிதும் முல்லை நிலத்து உயிர். எனவே அதனைக் கார்காலத்தோடு சேர்த்துக் கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆயினும் புன்செய் நிலத்தின் வாழ்க்கையைக் கருதிப் பார்த்தால் வேறொரு முறைமை புலப்படுகிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த வரகு மார்கழி, தைத் திங்களில் அறுவடையாகும். கதிர் அரிந்த பின் நிலம் வெறுமையாகிறது. அதுவரை முயலுக்கு உணவும் மறைவிடமுமாய் இருந்த பயிர் போய்விட, அரிதாள் மட்டும் எஞ்சுகிறது. பனியோ புல்லில் படிந்து கிடக்கிறது. முயல் ஊரை நெருங்கி வருவதற்கும், வருவது கண்ணில் படுவதற்கும் உரிய காலம் இதுவே.

புறநானூற்று 322-ஆம் பாடலில் ஆவூர்கிழார் காட்டுவது இந்நிலத்தைத்தான். புதுவரகு அரிந்த தாள்களினிடையே, கள்ளியின் அடியில் சிறுவர்கள் காட்டெலிக்காகக் காத்திருக்கிறார்கள். வில்லை எடுத்து அவர்கள் ஆரவாரம் செய்ய, எதிர்பாராத முயல் ஒன்று வெருண்டு பாய்கிறது. அது பாயும் இடம் காடு அன்று, ஊர் மன்றம். அங்கிருந்த கரிய பானைகள் உடைகின்றன. பாடலில் திங்களின் பெயர் இல்லை என்பது உண்மை. அரிதாளே அங்குக் காலங்காட்டியாக நிற்கிறது என்பது என் கருத்து. 'நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று நான் வற்புறுத்தவில்லை. எனினும் வரகறுத்த வயலைக் கார்காலத்தில் காண இயலாது என்பதை நீங்களும் ஒப்புவீர்கள்.

இதற்குத் துணையாக அகத்துறையிலிருந்து ஒரு சான்று. குறுந்தொகை 68-ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், முற்றிய உழுந்தின் காய்களை மானினம் கவர்ந்து உண்ணும் காலமாகவே அரிய பனிப்பருவத்தை அடையாளம் காட்டுகிறார். பனிக்காலம் என்றவுடன் அப்பெண்பாற் புலவருக்கு நினைவு வருவது குளிர் மட்டுமன்று. விளைந்த புன்செயும், அதனை நாடி வரும் விலங்கும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. மானுக்குப் பொருந்துவது முயலுக்கும் பொருந்தும்.

நற்றிணை 59-இல் கபிலர் காட்டும் வேட்டுவனை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவன் உடும்பைப் பிடிக்கிறான். மண்ணை அகழ்ந்து தவளையை எடுக்கிறான். புற்றைச் சிதைத்து ஈசலைத் திரட்டுகிறான். பகலில் முயலையும் எறிந்து வீழ்த்துகிறான். தோளில் சுமந்த இவற்றையெல்லாம் மறந்து, வீட்டில் கள்ளுண்டு களிக்கிறான். ஈசல் பறப்பது மழையை ஒட்டிய நாள்களில். எனவே இது கார்காலக் காட்சி. அங்கே முயல் நான்கு பொருள்களுள் ஒன்று. மழை நின்று பனி தொடங்கினால் ஈசல் இல்லை. தவளையும் மண்ணுக்குள் ஆழ்ந்துவிடும். அப்போது புன்செய்க் குடிகளின் அடுப்புக்கு எஞ்சுவது முயல்தான். கார்காலத்தில் களிப்பாக இருந்த வேட்டை பனிக்காலத்தில் தேவையாகிறது.

எங்கள் கல்லூரியில் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் மானாவாரி நிலம் சூழ்ந்த சிற்றூரிலிருந்து வந்தவர். ஆவூர்கிழாரின் பாடலை நடத்திய நாளன்று, தம் பாட்டனார் முயல் பிடித்த முறையை அவர் வகுப்பில் விரித்துரைத்தார். மார்கழி விடியலில் புல்லின்மேல் பனி வெண்மையாகப் படர்ந்திருக்கும். இரவில் முயல் நடந்த வழியில் மட்டும் பனி உதிர்ந்து புல் கரும்பச்சையாகத் தெரியும். அத்தடத்தைப் பின்பற்றிச் சென்றால் வாடைக் காற்றுக்கு மறைவான வரப்போரத்தில், இளவெயில் படும் பக்கமாக அது படுத்த பள்ளம் இருக்கும். பள்ளத்தில் கையை வைத்துப் பார்ப்பாராம். மண் வெதுவெதுப்பாக இருந்தால் முயல் தொலைவில் இல்லை, குளிர்ந்திருந்தால் திரும்பிவிடுவாராம். உரையாசிரியர் எவரும் எழுதாத உரை அது. பனிக்காலம் முயலைக் காட்டிக்கொடுக்கும் காலம் என்பதை அவ்வகுப்பு அன்று அறிந்துகொண்டது.

வேட்டை முறைகள்

வேட்டை எவ்வாறு நடந்தது? மிக விரிவான சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் வேட்டையைச் சொல்லும் வரிசை உற்று நோக்கத்தக்கது. மழை பொய்த்த காலத்தில் நீருக்காகத் தோண்டிய குழியின் அருகில், நள்ளிரவில், பதுங்கு குழியில் ஒளிந்து காட்டுப்பன்றியின் வரவுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். பன்றி வரவில்லை, இரவு வேட்டை பொய்த்துப் போகிறது. பகலில் நாய்களோடு புதர்களை அடித்துக் கலைக்கிறார்கள். வேலியாகத் தொடர்ந்த வலைகளை மாட்டி, முயல் தப்பிச் செல்ல வழியில்லாதவாறு வளைக்கிறார்கள். பிடித்ததைக் கூடி உண்கிறார்கள். அவ்விடத்திலும் புலவர் முயலின் செவியைக் கவனிக்கத் தவறவில்லை. முள்ளுடைய தண்டின்மேல் நிற்கும் தாமரையின் புறவிதழ் போன்றது அச்செவி என்கிறார். நீர்த்துளிக்கும் வழியற்ற பாலையில் நின்றுகொண்டு குளத்துத் தாமரையை நினைக்கிறார் என்றால், அந்த நினைவில் அந்நிலத்தின் வறட்சியும் தெரிகிறது.

இரவு பன்றி வராததால் பகல் முயல் தேடப்படுகிறது என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

வலையன்றித் தடியும் கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. ஐங்குறுநூறு 421-இல் மாலைப்பொழுதில் காவலர் தடியை வீச, பூம்புறவில் ஒடுங்கியிருந்த முயல் வெருண்டு ஓடுகிறது. புறநானூறு 339-இல் ஆயர் முல்லை பறிக்கும் நிலத்தில், குறுந்தடிக்கு அஞ்சிய முயல் துள்ளுகிறது. அதற்கு இணையாக நீர்ப்பரப்பில் வாளைமீனும் துள்ளுகிறது. நாயின் பங்கை நற்றிணை 252-இல் அம்மெய்யன் நாகனார் காட்டும் முறை வியப்பளிப்பது. தலைவியின் சிறிய அடிக்கு அவர் கூறும் உவமை, முயலை விரட்டி விரைந்த சினமிக்க நாயின் நாக்கு. மென்மையும் செம்மையும் ஈரமும் ஒருங்கே அமைந்த உவமை. ஓடிக் களைத்து நிற்கும் நாயின் அருகே நின்று, தொங்கும் நாவைப் பார்த்தவருக்கன்றி இது வாய்க்காது. நாயும் முயலும் தமிழ் மண்ணில் கொண்ட உறவு அறுபடாமல் வந்திருக்கிறது என்பதற்குத் தெற்குச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களே சான்று. நெடிய கால்களும் ஒட்டிய வயிறும் கொண்ட அவ்வினங்கள் முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே பேணி வளர்க்கப்பட்டவை.

கண்ட முயல்

இப்போது வேட்டுவனை விட்டு முயலின் பக்கம் வருவோம். அகநானூறு 284-இல் இடைக்காடனார் காட்டும் முயல், வரகின் கதிர்ப்பொதியைத் தின்று, கொடிப்பின்னலில் ஒடுங்கி இனிது துயின்று, எழுந்து, தன் துணையோடு சென்று சிறுகுடியின் முற்றத்தில் உள்ள சிறிதளவு நீரைப் பருகுகிறது. அதன் கண் சிறிய நெல்லிக்காய் போன்றது. சிறு விழி உடையது. ஆவூர்கிழாரின் முயலோ பெரிய கண்ணுடையது. ஒரே விலங்குக்கு ஒரு புலவர் சிறுவிழியையும் மற்றொருவர் பெருங்கண்ணையும் கூறுவது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை என்றே கருதுகிறேன். ஒன்று, வயிறார உண்டு உறங்கி எழுந்து அச்சமின்றி நீர் அருந்தும் முயல். மற்றொன்று, சிறுவரின் கூச்சலில் உயிர் பதறிப் பாயும் முயல். அச்சம் கண்ணைப் பெரிதாக்குகிறது. இரு புலவர்களும் உண்மையே சொல்லியிருக்கிறார்கள். அவரவர் கண்ட நொடியின் உண்மை அது.

இதுவரை கூறியவற்றோடு, இனி நான் கூறவிருக்கும் புறநானூற்றுப் பாடல்கள் இரண்டையும் சேர்த்து ஒன்பது முயற்காட்சிகளை இவ்வுரைக்கென எடுத்துக்கொண்டேன். அவற்றுள் முயல் அகப்படுவது மூன்றில் மட்டுமே. மற்ற ஆறிலும் அது ஓடுகிறது, துள்ளுகிறது, ஒளிகிறது, நீர் குடிக்கிறது; அல்லது நாயின் முன்னே ஓடிக்கொண்டே இருக்கிறது. வேட்டையைப் பாடிய புலவர்கள் கொலையைப் பெரிதும் பாடவில்லை. முயல் கையில் அகப்படுவதற்கு முந்தைய நொடியில்தான் அவர்கள் பார்வை நிலைத்திருக்கிறது. செவி நெடிது, உடல் குறிது என்ற அடைமொழி மீண்டும் மீண்டும் வருவதற்கும் இதுவே காரணமாகலாம். புதரின் மேலே முதலில் தெரிவது செவி. உடல் பின்னர்த் தெரிவது. வேட்டுவன் காணும் வரிசையிலேயே சொற்கள் அமைந்துள்ளன.

யானையும் முயலும்

நம் மேடைகளில் முயல் வேறொரு வகையில் பெயர் பெற்றது. காட்டு முயலைத் தைத்த அம்பைவிட, யானைக்கு எறிந்து குறி தவறிய வேலை ஏந்துவது இனிது என்னும் கருத்துடைய 772-ஆம் குறளை அறியாதார் இல்லை. கோப்பெருஞ்சோழன் பாடிய புறநானூறு 214-உம் இதற்கு இனமானது. யானை வேட்டைக்குச் சென்றவன் யானையைப் பெறவும் கூடும். குறும்பூழ் வேட்டைக்குச் சென்றவன் வெறுங்கையோடு திரும்பவும் கூடும். ஆகவே உயர்ந்ததையே நாடுக என்பது அதன் கருத்து. பள்ளி ஆண்டுவிழா முதல் பட்டமளிப்பு விழா வரை இளைஞர்களுக்கு நாம் எடுத்துரைப்பது இதைத்தான்.

வள்ளுவர் பேசியது படைச்செருக்கு. போர்க்களத்தில் நிகரான பகையைத் தேடும் வீரனின் உள்ளம் அது. அங்கு அது பொருந்தும். ஆனால் அவ்வளவுகோலை வாழ்க்கை முழுவதற்கும், இலக்கியம் முழுவதற்கும் நாம் நீட்டிவிட்டோம். யானை உயர்ந்த பொருள், முயல் தாழ்ந்த பொருள் என்னும் மதிப்பீடு எப்படியோ நம் திறனாய்விலும் குடிபுகுந்துவிட்டது.

சங்கப் புலவர் அவ்வளவுகோலை ஏற்றிருந்தாரா? புறநானூறு 334-ஐப் பாருங்கள். மதுரைத் தமிழக் கூத்தனார் அப்பாடலை முயலில் தொடங்குகிறார். வயலில் விளையும் சம்பங்கோரையின் கதிரைப் போன்ற தூய மயிரும் குறுகிய காலும் நெடிய செவியும் உடைய முயல், சிறுவர் மன்றத்தில் ஆரவாரிக்க, வைக்கோற் போரில் சென்று ஒடுங்குகிறது. அத்தகைய ஊரின் மனைவிக்குப் பாணரையும் பரிசிலரையும் உண்பித்துக் கை ஓய்வதில்லை. கணவனுக்கோ பகைவர் யானையின் முகத்தில் அணிந்த பொன்னைப் பரிசிலர்க்கு வழங்கிக் கை ஓய்வதில்லை. முயல் ஒளியும் ஊரில்தான் யானையின் முகப்பொன் பங்கிடப்படுகிறது. முயலும் யானையும் ஒரே பாடலில், ஒரே தெருவில் இருக்கின்றன. முன்னர்க் கூறிய ஆவூர்கிழார் பாடலின் முடிவும் இத்தகையது. முயல் பாய்ந்து பானை உடையும் அச்சீறூர்த் தலைவன், கரும்பு ஆலைகள் ஒலிக்கும் மருத நிலத்து வேந்தர்க்கு உறக்கம் தராதவன். அவன் ஊரின் வறுமையை மறைக்காமலே அவன் பெருமையைப் புலவர் பாடியிருக்கிறார்.

இங்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்கள் வரையே கிடைக்கிறது. நான் எடுத்துக்காட்டிய முயற்பாடல்கள் யாவும் அதற்குப் பிற்பட்டவை. உ. வே. சாமிநாதையர் 1894-இல் அந்நூலைப் பதிப்பித்தபோது இவை பழைய உரையின் துணையின்றியே அச்சேறின. சில பாடல்கள் இடையிடையே சிதைந்தும் உள்ளன. பின்னர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை போன்றோரின் உரைகள் வழிகாட்டின. ஆனாலும் முதல் இருநூறு பாடல்கள் மேடையில் பெற்ற இடத்தை இப்பாடல்கள் இன்றுவரை பெறவில்லை. மூவேந்தர்களும் வள்ளல்களும் முன்பகுதியில் நிற்க, பெயர் தெரியாத சீறூர்த் தலைவர்களும் அவர்கள் மனைவியரும் பின்பகுதியில் தங்கிவிட்டனர்.

'ஆயினும்' என்ற சொல்

அப்பின்பகுதியில்தான் ஆலங்குடி வங்கனாரின் 319-ஆம் பாடல் உள்ளது. ஒரு சிறிய வீடு. செம்மண் நிலத்தில் தோண்டிய குழியிலிருந்து எடுத்த கலங்கிய சிறிதளவு நீர், பழைய சாடியில் இருக்கிறது. மாலை மயங்கிய நேரத்தில் பாணன் ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். வீட்டுத் தலைவன் முதல்நாள்தான் வேந்தன் இட்ட பணிக்காகச் சென்றிருக்கிறான். பகலாக இருந்தால் முற்றத்தில் தினையைத் தூவி, அதை உண்ண வரும் புறாவையும் காடையையும் பிடித்துச் சமைத்திருக்கலாம். இப்போது பொழுது போய்விட்டது. ஆகவே, சுட்ட முயலாயினும் தருகிறோம், உள்ளே வந்து இரு என்று பாணனை அழைக்கிறது அவ்வீட்டுக் குரல். பேசுபவள் அவ்வில்லத்தின் தலைவி என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

இப்பாடலின் உயிர் 'ஆயினும்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அச்சொல்லை எடுத்துவிட்டால் முயல்கறி ஒரு விருந்துணவு, அவ்வளவே. அச்சொல் நிற்கும்போது, தருவது போதாது என்ற நாணமும், தராமல் அனுப்ப மாட்டேன் என்ற உறுதியும் ஒன்றாகக் கேட்கின்றன. தான் தருவதன் அளவை அவள் அறிவாள். குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறாள். அக்குறைவைக் காரணமாக்கி வாசலை அடைத்துக்கொள்ள அவள் ஒருப்படவில்லை. கணவன் வரட்டும், பொன்தாமரை சூட்டுவான் என்று பின்னால் உரைக்கிறாள். அது நாளைய வாக்கு. இன்றிரவு பாணனின் பசிக்கு விடை சுட்ட முயல்தான்.

பெரும்பாணாற்றுப்படையில் பன்றி வராத இரவின் பின்னர் முயல் வந்ததை இங்கு நினைவிற் கொள்ளுங்கள். அங்கும் முயல் 'ஆயினும்' என்ற நிலையில் நிற்கிறது. பன்றி இல்லை, முயலாயினும். புறா இல்லை, முயலாயினும். வன்புலத்து வாழ்க்கையில் இச்சிறு விலங்கின் இடம் அதுவே. இல்லாமைக்கும் பட்டினிக்கும் இடையே உள்ள குறுகிய வரப்பில் அது ஓடுகிறது. யானையைத் தவறவிட்ட வேலைப் போற்றுவதற்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். விருந்தினர் வாசலில் நிற்கும்போது குறி தவறிய வேலை யாருக்கும் உணவாகாது. வீரத்தின் அளவுகோல் ஒன்று, விருந்தோம்பலின் அளவுகோல் மற்றொன்று. முன்னதை நாம் கற்பித்த அளவுக்குப் பின்னதைக் கற்பிக்கவில்லை என்பதே என் மனக்குறை.

இன்று

இவ்வளவு கூறியபின், இன்றைய நிலையைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுமுயலை வேட்டையாடுவது இன்று குற்றம். பொங்கலை ஒட்டிய நாள்களில் பெருமாள் கோயில்கள் பலவற்றில் நடைபெறும் பாரிவேட்டை விழாவில், பனிக்கால வேட்டை சடங்காக மட்டும் உயிர் வாழ்கிறது. அதே நாள்களில் வலையோடும் நாயோடும் முயல் தேடிச் செல்வோரை வனத்துறையினர் பிடித்துத் தண்டம் விதிப்பது நாளிதழ்களில் நாம் படிக்கும் செய்தி. இரவில் தலையில் மின்விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒளியில் கண் கூசி நிற்கும் முயலை அடித்து விற்பவர்களும் உண்டு. அதற்கும் பனித்தடம் பார்த்து நடந்த முதியவரின் வேட்டைக்கும் தொடர்பு மிகக் குறைவு. சட்டம் வேண்டியதே, அதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை. புன்செய் சுருங்கி, வரகுக்கொல்லைகள் வீட்டுமனைகளாக மாறிவரும் காலத்தில் முயலுக்கு எஞ்சியுள்ள இடம் சிறிது. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. வரகு நகரத்து உணவகங்களுக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. வரகின் அரிதாளும் அதில் ஒடுங்கிய முயலும் உடன் வரவில்லை.

வேட்டைப் பாடல்களை நடத்தும்போது மாணவர்கள் ஒரு வினா எழுப்புகிறார்கள். அவ்வளவு அழகாக முயலைப் பார்த்தவர்கள் அதை எவ்வாறு கொன்றார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான வினா. அதற்கு நான் கூறும் விடை இதுதான்: அவர்கள் அவ்வாறு பார்த்ததற்குக் காரணமே பசி. முயல் எங்கே உறங்கும், எந்தப் பக்கம் பாயும், எப்போது நீருக்கு வரும் என்று அறியாதவன் வீட்டில் அன்று உலை இல்லை. அவ்வாறு பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவிலிருந்துதான் நெல்லிக்காய்க் கண்ணும் தாமரை இதழ்ச் செவியும் கோரைக்கதிர் மயிரும் பிறந்தன. வேட்டுவனின் கண்ணைப் புலவன் கடன் வாங்கினான்.

வேட்டை முடிந்துவிட்டது. முடிந்ததும் நன்றே. ஆனால் அதனோடு அந்தக் கண்ணும் மூடிவிட வேண்டுமா என்பதுதான் கவிஞர்களாகிய உங்கள் முன் நான் வைக்கும் வினா. இன்றைய கவிதைகளில் முயல் வருகிறது. பெரும்பாலும் நிலவிலோ பொம்மைக் கடையிலோ இருக்கிறது. வரப்போரத்தில் இல்லை. இயற்கையை நேசிக்கிறோம் என்று எழுதுகிறோம். நேசிக்கும் உயிர் பகலில் எங்கே படுத்திருக்கும் என்பதை அறியோம். பசியால் பெற்ற அறிவை அன்பால் பெற முடியுமா? முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் அதற்கு அந்த முதியவரைப் போல விடியலில் எழுந்து, பனியில் நடந்து, மண்ணில் கை வைத்துப் பார்க்க வேண்டும். பிடிப்பதற்காகச் செல்லவேண்டியதில்லை. அங்கே ஓர் உயிர் சற்று முன்புவரை இருந்தது என்று அறிவதற்காகச் செல்லலாம்.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிவருகிறது. பேரிதழ்களின் அளவுகோலால் நோக்கினால் இங்கே படிக்கப்பட்ட கவிதைகள் பல முயலளவே இருக்கலாம். அதைக் குறையாகக் கருதுவோர் உங்களுள் இருந்தால், ஆலங்குடி வங்கனார் பாடிய பெண்ணை அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் கையில் இருந்தது ஒரு சுட்ட முயல். அதனைத் தரும்போது அவள் தலை குனியவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவ்விருந்தை நாமும் உண்டு வருகிறோம். வரும் பத்தாண்டுகளிலும் உங்கள் வாசலுக்கு வருவோர்க்கு, உள்ளதை உள்ளவாறு, சிறிதாயினும் தந்துகொண்டிருங்கள் என்று வேண்டி அமைகிறேன்.